"சர்டிபிகேட் கொண்டு வாங்க, அப்புறம் பாப்போம்"னு ஸ்கூல் சொன்னா என்ன செய்யணும்?

கேள்வி: வணக்கம் மேடம். நாங்க திருமங்கலம் பக்கம். மகனுக்கு ஒம்போது வயசு, மெட்ரிக் ஸ்கூல்ல நாலாவது படிக்கிறான். வாயால கேட்டா எல்லாம் சொல்றான், எழுதச் சொன்னா பேனாவ வச்சிட்டு உக்காந்துருவான். போர்டுல இருக்கறத எழுதி முடிக்க மாட்டான், தமிழ்லயும் தப்பு, இங்கிலீஷ்லயும் தப்பு. கிளாஸ் மிஸ் "சோம்பேறி, வீட்ல செல்லம் குடுத்துட்டீங்க"ங்கறாங்க. பிரின்சிபால்கிட்ட டெஸ்ட் ஏதாச்சும் எடுத்துப் பாருங்கன்னு கேட்டேன், அது எங்க வேலை இல்ல, டாக்டர் சர்டிபிகேட் கொண்டு வாங்கன்னாங்க. கடன் வாங்கி மதுரையில தனியார்ல பாத்து ரிப்போர்ட் கொண்டு போனா, இது செல்லாது கவர்மென்ட்ல வாங்கிட்டு வாங்க, இல்லன்னா நாலாவதே திரும்பப் படிக்கட்டும், இஷ்டமில்லன்னா டிசி வாங்கிக்கங்கன்னு சொல்லிட்டாங்க. அமெரிக்காவுல இருக்க என் நாத்தனார் "ஸ்கூல்தான் ஃப்ரீயா டெஸ்ட் எடுக்கணும், 60 நாள் கெடு, இல்லன்னா கேஸ் போடு"ங்கறா. மாமியார் ஊனம்னு பேப்பர் வாங்குனா நாளைக்கு பயலுக்கு பொண்ணு யார் குடுப்பாங்கறாங்க. வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுறார், அவருக்கு லீவு போட்டு அலைய முடியாது. நான் என்ன செய்யட்டும், பேசாம கவர்மென்ட் ஸ்கூல்லயே சேத்துரவா?

பதில்: மொதல்ல ஒண்ணு சொல்லிர்றேன்ம்மா, டிசி கேட்டு நீங்களா எந்த லெட்டர்லயும் கையெழுத்து போட்றாதீங்க. "பெற்றோர் விருப்பத்தின் பேரில்"னு ஒரு வரி அதுல இருக்கும், அந்த ஒரு வரி போதும் அவங்களுக்கு, நாளைக்கு எந்த ஆபீஸ்ல போய் நின்னாலும் "இவங்களாத்தான் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க"ன்னு எடுத்துக் காட்டிருவாங்க.

உங்க லெட்டர்ல மூணு விஷயம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கெடக்கு. பயலுக்கு என்ன கஷ்டம்னு கண்டுபுடிக்கிற பரிசோதனை ஒண்ணு, கவர்மென்ட் தர்ற மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் இன்னொண்ணு, கிளாஸ்ல தினமும் அவனுக்குச் செஞ்சு குடுக்க வேண்டிய உதவி மூணாவது. ஸ்கூல்காரங்க இந்த மூணையும் ஒரே முடிச்சாப் போட்டு உங்க கையில குடுத்துட்டாங்க, அத நீங்க அவுக்குறதுக்குள்ள வருசம் முடிஞ்சிரும்னு அவங்களுக்குத் தெரியும். ஆனா கிளாஸ்ல செய்ற உதவிக்கு சர்டிபிகேட் வர்ற வரைக்கும் காத்திருக்கணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. பொதுப் பரீட்சை சலுகைக்கும் உதவித்தொகைக்கும்தான் அந்தச் சர்டிபிகேட் வேணும். முன் பெஞ்சுல உக்கார வைக்கிறதுக்கும் வாயால கேள்வி கேட்டு மார்க் போடுறதுக்கும் எந்த டாக்டர் கையெழுத்தும் வேண்டியதில்ல.

உங்க நாத்தனார் சொல்றது பொய் இல்ல, ஆனா அது அவங்க ஊர்ச் சட்டம். அமெரிக்காவுல ஐடிஇஏன்னு ஒரு சட்டம் இருக்கு, அதுல பெத்தவங்க சம்மதம் குடுத்த நாள்லருந்து 60 நாள், இல்லன்னா அந்தந்த ஸ்டேட் வச்சிருக்க கெடுவுக்குள்ள ஸ்கூல் பரிசோதனைய முடிக்கணும், ரிசல்ட் சரியில்லன்னு தோணுனா ஸ்கூல் செலவுல வெளிய இன்னொருத்தர வச்சுப் பாக்கச் சொல்லியும் கேக்கலாம். அந்த 60 நாளத் தூக்கிட்டு திருமங்கலத்துல பிரின்சிபால் ரூமுக்குப் போனீங்கன்னா சிரிச்சு அனுப்பிருவாங்க. நிறைய பேர் யூடியூப்ல அமெரிக்கத் தமிழ் அம்மாக்கள் பேசுற வீடியோவப் பாத்துட்டு வந்து எங்கிட்ட ஐஇபி மீட்டிங் (ஒரு பிள்ளைக்குன்னு தனியாப் போடுற கல்வித் திட்டம் பத்தின கூட்டம்) எப்ப போடுவாங்கன்னு கேக்குறாங்க, இங்க சொல்ல வேண்டிய சட்டம் வேற.

நம்ம ஊருக்கு இருக்கறது 2016-ஆம் வருச மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 1995-ல வந்த பழைய சட்டத்துல ஏழு வகைதான் இருந்துச்சு, இதுல 21 வகை, அதுல ஒண்ணு குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, அதாவது நீங்க டிஸ்லெக்சியான்னு கேள்விப்பட்டுருப்பீங்கள்ல அது, எழுத்துல வர்றது கணக்குல வர்றது எல்லாம் சேத்து. அந்தச் சட்டத்தோட 16-ஆவது பிரிவு, அரசு நிதி வாங்குற பள்ளி மட்டுமில்ல, அரசு அங்கீகாரம் வாங்குன பள்ளி எல்லாமே இந்தக் குறைபாட்ட கூடிய சீக்கிரம் கண்டுபுடிச்சு அதுக்கேத்த மாதிரி சொல்லிக் குடுக்குறத அரசாங்கம் உறுதி பண்ணணும்னு சொல்லுது. உங்க மெட்ரிக் ஸ்கூல் அங்கீகாரம் வாங்குனதுதானே, அப்ப அதுலயும் வந்துருச்சு.

இதவிட உங்களுக்கு கைகுடுக்கப் போறது இன்னொண்ணு இருக்கு. மத்திய அரசு 2018 ஜனவரில குறைபாடுகள எப்படி மதிப்பிடணும்னு ஒரு வழிகாட்டு நெறி போட்டுச்சு, 2024 மார்ச்ல அதுக்குப் பதிலா புது நெறி வந்துச்சு. அந்த 2018 நெறிலயே கற்றல் குறைபாட்டுக்கு, மூணாங்கிளாஸ்ல இல்ல எட்டு வயசுல, எது முன்னாடி வருதோ அப்ப, ஆசிரியர்களே முதல்கட்டமா சோதிச்சுப் பாக்கணும், எல்லாப் பள்ளியிலயும், தனியாரா இருந்தாலும், தலைமை ஆசிரியர் தலைமையில அதுக்கு ஒரு குழு இருக்கணும்னு எழுதிருக்கு. சந்தேகம் இருந்தா மேல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியதும் அவங்கதான். உங்க பயலுக்கு ஒம்போது ஆச்சு, நாலாவது வந்துட்டான். ஆக "அது எங்க வேலை இல்ல"ன்னு பிரின்சிபால் சொன்னது தப்பு. முழுப் பரிசோதனை அவங்க வேலை இல்ல, அது சைக்காலஜிஸ்ட் வேலை, ஆனா முதல் வடிகட்டலும் அனுப்பி வைக்கிறதும் அவங்க வேலைதான்.

இனிமே வாயால எதுவும் பேசாதீங்க. இது வரைக்கும் நடந்த பேச்சு எல்லாம் காத்தோட போச்சு, நீங்க கேட்டதுக்கும் சாட்சி இல்ல, அவங்க மறுத்ததுக்கும் சாட்சி இல்ல. ஒரு வெள்ளத்தாள்ல எழுதுங்க, தமிழ்லயே எழுதுங்க, இங்கிலீஷ்ல எழுதுனாத்தான் மதிப்பாங்கன்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க. நான் எழுதுனா இப்படித்தான் எழுதுவேன்:

"பெறுநர்: முதல்வர் அவர்கள். ஐயா, அம்மா, தங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பு பயிலும் என் மகனுக்கு வாசிப்பதிலும் எழுதுவதிலும் தொடர்ந்து சிரமம் உள்ளது. வாய்மொழியாகக் கேட்டால் பதில் சொல்கிறான். கரும்பலகையைப் பார்த்து எழுதி முடிக்க முடிவதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16-இன்படியும், மத்திய அரசின் மதிப்பீட்டு வழிகாட்டு நெறிகளின்படியும் என் மகனுக்குப் பள்ளி அளவில் கற்றல் குறைபாட்டுக்கான முதற்கட்டச் சோதனை செய்து, மேல் பரிசோதனைக்குப் பரிந்துரைக் கடிதம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை வகுப்பறையில் பின்வரும் உதவிகளைச் செய்து தரவும் வேண்டுகிறேன். இக்கடிதத்துக்கு 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தரவும்."

அந்த 15 நாள் சட்டத்துல இருக்க கெடு இல்ல, நாமளா போடுறது. ஒரு தேதி போட்டாத்தான் அந்தத் தேதி தாண்டுனதும் அடுத்த படிக்கு ஏற முடியும், அதுக்காகத்தான். கோபம் எதையும் லெட்டர்ல காட்டாதீங்க, மிஸ் சோம்பேறின்னு சொன்னதெல்லாம் இதுல வேணாம். இந்த லெட்டர நாளைக்கு முதன்மைக் கல்வி அலுவலர் படிப்பாரு, கலெக்டர் ஆபீஸ்ல படிப்பாங்க, அவங்க படிக்கும்போது இந்தம்மா நியாயமாத்தான் கேட்டுருக்குன்னு தோணணும்.

ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போய் ஸ்கூல் ஆபீஸ்ல குடுத்து, உங்க காப்பில சீல், தேதி, வாங்குனவங்க கையெழுத்து மூணும் கேளுங்க. குடுக்க மாட்டேன்னாங்கன்னா சண்டை போடாதீங்க, சிரிச்சுக்கிட்டே வெளிய வந்து நேரா போஸ்டாபீஸ் போய் அதே லெட்டர ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, கூடவே ஸ்கூல் மெயிலுக்கும் போனுக்கும் லெட்டர் போட்டோவ அனுப்பி வைங்க. ரசீதப் பத்திரமா வைங்க, அந்தச் சீட்டுல மை சீக்கிரம் அழிஞ்சிரும், அன்னைக்கே போட்டோ எடுத்துருங்க. ஸ்கூல் பதிலே போடலன்னாலும் பரவால்ல. கேட்டேன், பதில் இல்லைங்கறதே உங்க கையில ஒரு தாள்தான்.

உதவின்னு எத எழுதுறதுன்னு யோசிப்பீங்க. பெருசா எதையும் கேக்காதீங்க, மிஸ்ஸுக்கு கூடுதல் வேலை வைக்காததா கேளுங்க, நாப்பது பிள்ளைகள வச்சு மேய்க்கிறவங்க அவங்க, அவங்க மேலயும் எனக்குக் கோவம் இல்ல. முன் பெஞ்சு. போர்டுல எழுதுறதுக்குப் பதிலா பக்கத்துப் பிள்ள நோட்ட போட்டோ எடுத்துக்கிற அனுமதி. கிளாஸ் முன்னாடி எந்திரிச்சு நின்னு சத்தமா வாசிக்கச் சொல்ல வேணாம். தப்பா எழுதுன வார்த்தைய பத்துத் தடவ எழுதச் சொல்ற தண்டனை வேணாம், அது இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல, தப்பையே பத்துத் தடவ எழுதிட்டு வருவான். சயின்ஸ், சோஷியல்ல பாதிக் கேள்விய வாயால கேட்டு மார்க் போடுறது, அதுலயும் எழுத்துப் பிழைக்கு மார்க் குறைக்காம இருக்கறது, ஸ்கூல்ல வைக்கிற பரீட்சையில கொஞ்சம் கூடுதல் நேரம். இம்புட்டுத்தான். இதுல எதுக்கும் காசு செலவில்ல, அதனால "எங்க ஸ்கூல்ல ஸ்பெஷல் டீச்சர் இல்ல"ங்கற பதிலும் இதுக்குப் பொருந்தாது.

இப்ப பரிசோதனைக்கு வருவோம். நீங்க கடன் வாங்கி எடுத்த ரிப்போர்ட் வீண் இல்ல, தூக்கிப் போட்றாதீங்க. கடைசிப் பக்கத்துல கையெழுத்துக்குக் கீழ ஆர்சிஐ பதிவு எண் இருக்கான்னு பாருங்க, இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்ல பதிவு பண்ணுன கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா அது இருக்கும். உள்ள என்னென்ன டெஸ்ட் எடுத்தாங்கன்னு பேர் போட்டுருக்கணும், கற்றல் குறைபாட்டுக்கு நிம்ஹான்ஸ் பேட்டரின்னோ, ஐக்யூவுக்கு பினே காமத், மிசிக் இப்படி ஏதாச்சும் ஒண்ணோ இருந்தா அது முறையா எடுத்த ரிப்போர்ட். வெறும் "டிஸ்லெக்சியா இருக்கு, எங்ககிட்டயே தெரபிக்கு வரவும்"னு ஒரே பக்கத்துல முடிஞ்சிருந்தா அத நம்பி மேற்கொண்டு காசு கட்டாதீங்க. பொதுப் பரீட்சை சலுகைக்கு இந்தத் தனியார் ரிப்போர்ட் செல்லாதுன்னு ஸ்கூல் சொன்னது அந்த அளவுக்குச் சரிதான், ஆனா கிளாஸ்ல எப்படிச் சொல்லிக் குடுக்கணும்னு தெரிஞ்சுக்க இது தாராளமாப் போதும்.

அதுக்கும் முன்னாடி, கண்ணும் காதும் பாத்தாச்சா? உங்க லெட்டர்ல அதப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. போர்டுல இருக்கறத எழுத மாட்டேங்கறான்னு எங்கிட்ட வர்ற பிள்ளைகள்ல கண்ணாடி போட்டதும் பாதிப் பிரச்சனை தீந்துபோற பிள்ளைகளும் இருக்கு. மதுரையில அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கு, 1976-லருந்து காசில்லாதவங்களுக்கும் பாக்குறாங்க, ஒரு காலைல முடிஞ்சிரும். காதுக்கு பெரியாஸ்பத்திரியில காது மூக்கு தொண்டைப் பிரிவுல ஆடியோமெட்ரி, அதாவது காது கேக்குற டெஸ்ட், எடுத்துருங்க. ல, ள, ழ மூணையும் மாத்தி மாத்தி எழுதுறான்னா சில பிள்ளைக்கு அது காதுப் பிரச்சனையாக்கூட இருக்கலாம். இந்த ரெண்டு சீட்டும் இல்லாம போனா அங்க மனநலப் பிரிவு ஓபில மொதல்ல இதத்தான் எடுத்துட்டு வரச் சொல்லுவாங்க, ஒரு நாள் வீணாப் போகும்.

(இன்னொண்ணு, மதுரைக்காரங்களுக்குன்னே சொல்றேன். வீட்ல சௌராஷ்டிரமோ தெலுங்கோ பேசி வளந்துட்டு நேரா இங்கிலீஷ் மீடியத்துல சேந்த பிள்ள, மொழி பழகாம தடுமாறுறதையும் குறைபாடுன்னு எழுதிர்றாங்க. அந்த மாதிரி வீட்டுப் பிள்ளையா இருந்தா டெஸ்ட் எடுக்குறவங்ககிட்ட வீட்டு மொழி என்னன்னு கட்டாயம் சொல்லிரணும். உங்க பயலுக்கு தமிழ்லயும் தப்பு வருதுங்கறீங்க, வீட்லயும் தமிழ்தான்னா இது அப்படித் தெரியல.)

பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது பயலோட நோட்டக் கொண்டு போங்க, நல்லா எழுதுன பக்கம் இல்ல, நெசமான பக்கம். போன வாரம் ஒரு அம்மா கொண்டு வந்த நோட்டுல, பையன் "கோபுரம்"னு எழுத உக்காந்து, கொம்ப மறந்து "காபுரம்"னு எழுதி, அத அடிச்சு, கொம்ப எழுத்துக்கு அந்தப் பக்கம் போட்டு, அதையும் அடிச்சு, கடைசில ஒரு கோபுரத்தப் படமா வரைஞ்சு வச்சிருந்தான், ஒவ்வொரு நிலையும் மேல போகப் போக சின்னதாகுறது வரைக்கும் அம்புட்டு திருத்தமா. ஒரு மதிப்பெண் பட்டியல் சொல்லாதத அந்த ஒரு பக்கம் சொல்லிரும். அதனால மூணாங்கிளாஸ் நோட்டு, நாலாங்கிளாஸ் நோட்டு, ரேங்க் கார்டு, மிஸ் டைரில எழுதுன குறிப்பு எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல தேதிப்படி அடுக்குங்க. மிஸ் டைரில "எழுதவே மாட்டேங்கறான்"னு திட்டி எழுதிருந்தாக்கூட அது உங்களுக்குச் சாதகம்தான், இது ஸ்கூலுக்கு முன்னாடியே தெரியும்ங்கறதுக்கு அவங்க கைப்பட எழுதுன அத்தாட்சி அது.

சர்டிபிகேட்டுக்கு யூடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) வெப்சைட்ல பதியணும், ஆதாரும் போட்டோவும் கொண்டு போனா இ-சேவை மையத்துலயே பதிஞ்சு குடுப்பாங்க. அதுக்கப்புறம் அரசு ஆஸ்பத்திரியில பாத்து மருத்துவக் குழு முடிவு பண்ணும். ஒரே நாள்ல முடியாது, அலையத்தான் வேண்டியிருக்கும், அத மறைக்க விரும்பல. அதனால நடுவுல வட்டார வள மையத்தையும் ஒரு எட்டு பாத்துட்டு வாங்க, திருமங்கலம் ஒன்றியத்துக்கும் ஒண்ணு இருக்கு, அங்க ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துல சிறப்பாசிரியர்கள் இருப்பாங்க, மருத்துவ முகாம் எப்ப போடுறாங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும். முகாம்ல டாக்டர்கள் எல்லாரும் ஒரே எடத்துல உக்காந்துருப்பாங்க, உங்களுக்கு பஸ் செலவு மிச்சம். கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயசுலருந்து சர்டிபிகேட் தர்றாங்க, திரும்ப 14-லயும் 18-லயும் பாக்கணும்னு 2018 நெறில இருந்துச்சு. மருத்துவக் குழு குறைபாடு இல்லன்னு சொல்லிட்டாலோ தப்பா எழுதிட்டாலோ அதோட முடிஞ்சிரல, சட்டத்தோட 59-ஆவது பிரிவுல அதுக்கும் மேல்முறையீடு இருக்கு. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கங்க, ஏடிஹெச்டி, அதாவது கவனம் ஒரு எடத்துல நிக்காம துறுதுறுன்னு இருக்கற பிரச்சனை, அந்த 21 வகைல தனியா இல்ல. டாக்டர் அத மட்டும் எழுதுனா இந்தச் சர்டிபிகேட் கிடைக்காது, கற்றல் குறைபாடும் சேந்து இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க.

சர்டிபிகேட் வந்ததுக்கப்புறம் ஸ்கூல்ல சொல்லி எமிஸ்ல (கல்வித்துறையோட மாணவர் விவரப் பதிவு) சிறப்புத் தேவை உள்ள குழந்தைன்னு ஏத்தச் சொல்லணும், அத மறந்துறாதீங்க. பத்தாவது பொதுத்தேர்வுல மொழிப்பாட விலக்கு, சொல்லச் சொல்ல எழுதுற ஆள், கூடுதலா ஒரு மணி நேரம் இதெல்லாம் அரசுத் தேர்வுகள் இயக்ககம் தருது, அதுக்கு அன்னைக்குப் போய் ஓடுனா நடக்காது, ஒம்போதாவதுலயே பேப்பர் எல்லாம் தயாரா இருக்கணும்.

அடுத்து நாலாவதே திரும்பப் படிக்கட்டும்னு சொன்ன விஷயம். இது நடக்காது. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல 2019-ல ஒரு திருத்தம் வந்துச்சு, அதுலயும் அரசு விரும்புனா அஞ்சாவதுலயும் எட்டாவதுலயும்தான் நிறுத்தி வைக்கலாம்னு இருக்கு, நாலாவதப் பத்திப் பேச்சே இல்ல. நம்ம தமிழ்நாட்டுல அஞ்சு, எட்டுக்குப் பொதுத்தேர்வுன்னு அறிவிச்சு ஊரே கொந்தளிச்சு 2020 பிப்ரவரில வாபஸ் வாங்குனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எட்டாவது முடிக்கிற வரைக்கும் ஸ்கூல விட்டு வெளியேத்தக் கூடாதுன்னும் அந்தக் கல்வி உரிமைச் சட்டத்தோட 16-ஆவது பிரிவு சொல்லுது, "டிசி வாங்கிக்கங்க"ன்னு நச்சரிக்கிறதும் வெளியேத்துறதும் ஒண்ணுதான். (ரெண்டு சட்டத்துலயும் 16-ஆவது பிரிவுதான், மனுல எழுதும்போது எந்தச் சட்டம்னு வருசத்தோட எழுதுங்க, குழம்பிரும்.) கல்வி உரிமைச் சட்டத்தோட 17-ஆவது பிரிவு அடிக்கிறதையும் மனசு நோகப் பண்றதையும் தடுக்குது, கிளாஸுக்கு வெளிய நிக்க வச்சாங்கன்னா தேதியோட குறிச்சு வைங்க.

இங்க ஒரு சிக்கல் இருக்கு. உங்க ஸ்கூல் சிறுபான்மையினர் நடத்துறதா இருந்தா 2014 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புப்படி கல்வி உரிமைச் சட்டம் அவங்களக் கட்டுப்படுத்தாது. ஆனா 2016 சட்டத்துக்கு அந்த விலக்கு இல்ல. அதனாலதான் எந்த ஸ்கூலா இருந்தாலும் 2016 சட்டத்த முன்னாடியும் 2009-அ பின்னாடியும் எழுதச் சொல்றேன்.

15 நாள் தாண்டியும் பதில் இல்ல, இல்ல முடியாதுன்னு பதில் வந்துருச்சுன்னா, தனியார் பள்ளிகளுக்குன்னு இருக்க மாவட்டக் கல்வி அலுவலருக்கு மனு போடுங்க, நகல் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும். கல்வி உரிமைச் சட்டத்துல 32-ஆவது பிரிவு இருக்கு, எழுத்துமூலம் குடுத்த புகார மூணு மாசத்துக்குள்ள விசாரிச்சு முடிக்கணும், அதுல திருப்தி இல்லன்னா மாநில குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம். மனுல அந்தப் பிரிவு எண்ண எழுதுங்க, எண் இல்லாத மனுவுக்கு இந்தக் கெடுவ ஞாபகப்படுத்த ஆள் இருக்காது.

திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள் நடக்கும், அங்கயும் குடுக்கலாம். அங்க குடுத்தா கலெக்டரே தீர்த்து வச்சிருவாருன்னு போகாதீங்க, அந்த மனு சுத்திச் சுத்தி அதே கல்வி அலுவலர் மேசைக்குத்தான் வரும், ஆனா இந்தத் தடவ கலெக்டர் ஆபீஸ் நம்பரோட வரும், பதில் எழுதியே ஆகணும், அதுதான் வித்தியாசம். வாசல்ல மனு எழுதிக் குடுக்குறவங்க உக்காந்துருப்பாங்க, அவங்க "கண்ணீருடன் சமர்ப்பிக்கும்"னு ஆரம்பிச்சு ரெண்டு பக்கம் எழுதிருவாங்க, வேணாம், வீட்லருந்தே உங்க கையால ஒரு பக்கத்துல எழுதிட்டுப் போங்க. வீட்டுக்காரர் வர வேண்டியதில்ல, அம்மா கையெழுத்து போதும். முதல்வர் உதவி மைய நம்பர் 1100-லயும், பள்ளிக்கல்விக்கு 14417-லயும் சொல்லலாம், சொன்னா பதிவு எண்ண எழுதி வைங்க.

மனு போட்டு மாசம் ரெண்டாகியும் அசைவே இல்லன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒரு மனு, பத்து ரூவா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி கல்வி அலுவலர் ஆபீஸுக்கே. கேள்வி சின்னதா இருக்கட்டும்: இந்தத் தேதியில நான் குடுத்த மனு இப்ப யார்கிட்ட இருக்கு, என்ன நடவடிக்கை எடுத்தீங்க, ஸ்கூல் குடுத்த விளக்கத்தோட நகல் வேணும். 30 நாள்ல பதில் தரணும். பல மனு இந்தக் கேள்வி வந்ததுக்கப்புறம்தான் ஃபைல்லருந்து வெளிய வரும், அதான் நெசம்.

இதுக்கும் மேல சென்னையில மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கார், சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் சிலது அவருக்கும் உண்டு, தபால்லயே புகார் அனுப்பலாம், நேர்ல போகணும்னு இல்ல. அவர் ஒரு பரிந்துரை சொன்னா அது மேல என்ன செஞ்சாங்கன்னு மூணு மாசத்துக்குள்ள அவருக்குத் தெரிவிக்கணும். சட்டத்த மீறுனா மொதத் தடவ பத்தாயிரம் வரைக்கும், திரும்ப மீறுனா அம்பதாயிரத்துலருந்து அஞ்சு லட்சம் வரைக்கும் அபராதம்னு 89-ஆவது பிரிவு இருக்கு, ஆனா அத மொத லெட்டர்லயே எழுதி மிரட்டாதீங்க, பயலு நாளைக்கும் அந்தக் கிளாஸ்லதான் உக்காரணும். வக்கீல் வேணும்ங்கற நிலைமை வந்தா மாவட்ட கோர்ட்ல இருக்க சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல போய்க் கேளுங்க, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் தரணும்னு 1987 சட்டமே சொல்லுது. ஹைகோர்ட் கிளை நம்ம ஊர்லயே இருக்கு, ஆனா அவ்வளவு தூரம் போகுற கேஸா எனக்கு இது தெரியல. சீல் வச்ச லெட்டரும் கல்வி அலுவலர் போன் காலும் வந்த ஒடனேயே பெரும்பாலான ஸ்கூல் எறங்கி வந்துரும்.

மாமியாருக்கு என்ன சொல்றதுன்னா, அந்த அட்டை உங்க வீட்டு பீரோவுலதான் இருக்கப் போகுது. காட்டணும்னு நீங்க நெனைக்கிற எடத்துல காட்டுனாப் போதும். பதினெட்டு வயசுல அவனே பெரிய மனுசன், வேணுமா வேணாமான்னு அவனே முடிவு பண்ணிக்குவான். பொண்ணு குடுக்குறவங்க பயலு என்ன படிச்சிருக்கான், என்ன சம்பாதிக்கிறான்னு கேப்பாங்க, நாலாங்கிளாஸ்ல கொம்பு ஒழுங்காப் போட்டானான்னு யாரும் கேக்க மாட்டாங்க. அவங்களையும் ஒரு தடவ பரிசோதனைக்கு கூடக் கூட்டிட்டுப் போங்க, டாக்டர் வாயால பயலுக்கு புத்தி நல்லா இருக்குன்னு கேட்டாங்கன்னா ஊனம்ங்கற அந்தப் பேச்சு தன்னால கொறையும்.

கவர்மென்ட் ஸ்கூலுக்கு மாத்தலாமான்னு கேட்டீங்க. மாத்துறது தப்பே இல்ல, சொல்லப்போனா சிறப்பாசிரியர் அரசுப் பள்ளிக்குத்தான் சுத்துல வர்றாங்க, ஃபீஸும் இல்ல, வீட்டு மொழியில படிப்பான், பள்ளி மேலாண்மைக் குழுவுல பெத்தவங்களும் உக்காரலாம். ஆனா அந்தச் சிறப்பாசிரியர் ஒருத்தரே பல பள்ளிக்கு ஓடுறவங்க, தினமும் உங்க பயல் பக்கத்துல உக்காருவாங்கன்னு நெனச்சுப் போகாதீங்க. மொதல்ல சேக்க நெனைக்கிற ஸ்கூலுக்குப் போய் ஹெச்.எம்.ம பாருங்க, இந்த மாதிரி பிள்ளைங்க யாராச்சும் இருக்காங்களா, சிறப்பாசிரியர் எந்தெந்த நாள் வர்றாங்கன்னு கேளுங்க. அவங்க தேதி சொல்லி பதில் சொன்னா அது நல்ல ஸ்கூல். அப்படி மாத்துறதா முடிவு பண்ணுனாலும் மேல சொன்ன லெட்டர இப்ப இருக்க ஸ்கூல்ல குடுத்து சீல் வாங்குனதுக்கப்புறம் மாத்துங்க, டிசி லெட்டர்ல காரணத்த நீங்களே எழுதுங்க, "கற்றல் உதவி கேட்டும் கிடைக்காததால்"னு. டிசிய இழுத்தடிச்சாங்கன்னா பயப்படாதீங்க, டிசி வர லேட்டாகுதுன்னு புது ஸ்கூல் சேக்காம இருக்கக் கூடாதுன்னு கல்வி உரிமைச் சட்டம் 5-ஆவது பிரிவு சொல்லுது. கண், காது ரெண்டு ரிப்போர்ட்டும் வந்ததும் அந்த சைக்காலஜி ரிப்போர்ட்டோட டெஸ்ட் விவரம் இருக்க பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் சேத்து எழுதி அனுப்புங்க, பேரையும் ஸ்கூல் பேரையும் மறைச்சிருங்க, வீட்ல சாயங்காலம் அரை மணி நேரம் என்ன சொல்லிக் குடுக்கலாம்னு அதப் பாத்துத்தான் சொல்ல முடியும்.